லைன் என்ற சொல்லும் உடையவர் இல்லாத கம்பிகளும்

தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் தமிழில் 'லைன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, தொழிலாளர் குடியிருப்பு வரிசை. மற்றொன்று, மின்கம்பி. "லைன்ல கரண்ட் இல்ல" என்று ஒருவர் சொன்னால், குடியிருப்பில் மின்சாரம் இல்லை என்கிறாரா, கம்பியில் இல்லை என்கிறாரா என்பதை இடம் நோக்கித்தான் உணர வேண்டும். மலையாள அரசு ஆவணங்களிலும் செய்தித்தாள்களிலும் குடியிருப்பு வரிசை 'லயம்' ஆகிறது. இலங்கை மலையகத் தமிழில் 'லயம்', 'லயன்' ஆகிய இரு வடிவங்களும் உண்டு. குதிரை கட்டும் இடத்தைக் குறிக்கும் 'லாயம்' என்ற சொல்லின் சாயல் இவ்வடிவங்களில் படிந்திருக்கலாம் என்பது என் ஊகம். மூலச்சொல் ஒன்றே, அது தமிழுக்குள் இருமுறை நுழைந்திருக்கிறது. முதல்முறை தேயிலையோடு, இரண்டாம் முறை மின்சாரத்தோடு.

எல்லைப்புறத் தமிழின் கடன்சொற்களை ஆராயும் எனக்கு இது முதலில் ஒரு சொற்பொருள் புதிராகவே தோன்றியது. ஆயின் இரண்டு 'லைன்'களின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறொன்று புலப்படுகிறது. குடியிருப்பு வரிசைக்குள் பின்னிக் கிடக்கும் கம்பிகளை நாம் வழக்கமாக 'ஒழுங்கின்மை' என்கிறோம். அங்கு வாழ்வோரின் கவனக்குறைவு என்கிறோம். அது கவனக்குறைவின் விளைவன்று, பொறுப்பின் எல்லைகள் எங்கெங்கே நிறுத்தப்பட்டன என்பதன் வரலாற்றுப் படிவு என்பதே இப்பதிவின் வாதம். ஒவ்வொரு கம்பியும் யாரோ ஒருவர் கட்டியதுதான். சிக்கலுக்கு மட்டும் உடையவர் இல்லை.

முதலில் மலையின் வரலாறு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசமரபினரிடமிருந்து கண்ணன் தேவன் மலைநிலத்தைக் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியாக மலையேறியவர்களுக்காக 'லைன்'கள் கட்டப்பட்டன. ஒரே கூரை, வரிசையாகச் சிறு வீடுகள், பொதுச்சுவர்கள் என்பது அவற்றின் அமைப்பு. இம்மலையில் முதலில் நீண்ட இரும்புக்கம்பி மின்சாரத்தைச் சுமக்கவில்லை, தேயிலையைச் சுமந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு இறங்கிய கம்பிவடப் பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகச் சந்தைக்குப் போயின.

கேரள நிலப்பகுதியின் முதல் நீர்மின் உற்பத்தியும் இத்தோட்டங்களோடு தொடர்புடையதே. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டை ஒட்டி, தோட்ட நிறுவனம் தன் தேவைக்கென மூணாறுப் பகுதியில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை நிறுவியது. அது ஆலையின் எந்திரங்களுக்கான மின்சாரம். தொழிலாளர் வரிசைகளுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் இருப்புப்பாதையை அழித்தது. அப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. 1940இல் திருவிதாங்கூர் அரசின் பள்ளிவாசல் நீர்மின் திட்டம் முதிரப்புழையின் நீரைக்கொண்டு இயங்கத் தொடங்கியது. அம்மின்சாரத்தை எதிர்நோக்கியே சமவெளியில், ஆலுவாய்ப் பகுதியில், அலுமினியத் தொழிலும் உரத் தொழிலும் எழுந்தன. மலையில் பிறந்த மின்சாரம் உயரழுத்தக் கோபுரங்களின் மீதேறி, அளந்து வைத்த இடைவெளியில், பிசகில்லாமல் கீழே இறங்கியது. அக்கோபுரங்களின் நிழலில் இருந்த 'லைன்'களில் இரவு நேரத்தில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு.

இனி, இதே எல்லையின் வடமுனைக்கு வருவோம். இன்றைய பாலக்காடு மாவட்டம் அன்று ஓர் ஆட்சியின் கீழ் இல்லை. பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழ் பரவலாக வழங்கும் சித்தூர்ப் பகுதி கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தேவிகுளமோ திருவிதாங்கூர். ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தச் சிறு நீட்சியில் மூன்று அரசுகள் இருந்தன. பிரித்தானிய இந்தியப் பகுதிக்கு 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம். சமஸ்தானங்களுக்குத் தத்தம் சட்டங்கள். சென்னை மாகாணத்துக்கு 1930களில் பைக்காராவும் மேட்டூரும், திருவிதாங்கூருக்குப் பள்ளிவாசல். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலம் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் யாருக்கு என்ற கசப்பான வழக்கு கேரளத்துக்குச் சாதகமாக முடிந்தது. 1957 மார்ச் 31 அன்று கேரள மாநில மின்வாரியம் உருவானது.

நிலப்படத்தில் கோடு மாறியது ஒரே நாளில். கம்பிகளின் நிருவாகம் அப்படி மாறவில்லை. இன்றும் மூணாறுத் தோட்டப் பகுதியில் மின்வாரியத்திடமிருந்து மொத்தமாக மின்சாரம் பெற்றுப் பகிர்ந்தளிக்கும் உரிமம் தோட்ட நிறுவனத்திடமே உள்ளது. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமதாரர் பட்டியலில் மின்வாரியம், திருச்சூர் மாநகராட்சி, கொச்சித் துறைமுகம், தொழிற்பூங்காக்கள் ஆகியவற்றோடு அதன் பெயரும் இருக்கிறது. இதில் முறைகேடு எதுவுமில்லை; சட்டப்படியான ஏற்பாடுதான். கவனிக்க வேண்டியது வேறு. இங்கே வேலை தருபவர், வீட்டின் உடைமையாளர், மின்சாரம் வழங்குபவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருக்கக்கூடும். இக்காரணத்தாலேயே, "இந்தக் கம்பியை மாற்றித் தாருங்கள்" என்று கேட்பவர் மின்நுகர்வோராகக் கேட்கிறாரா, குடியிருப்பவராகக் கேட்கிறாரா, தொழிலாளியாகக் கேட்கிறாரா என்பது தெளிவாவதில்லை.

சட்டம் எதுவும் இல்லாமலா இருந்தது? இருந்தது, அதுவும் நுட்பமாக. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளைப் படித்தால் அவற்றின் துல்லியம் வியப்பளிக்கும். தெருவைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கட்டடத்தின் மேலே செல்லும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் கூரைக்கும் இடையே 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். மின்னமைப்புப் பணியை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, சான்றிதழ் பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். இணைப்புப் பெற்ற ஒவ்வொரு மின்னமைப்பும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்கப்பட வேண்டும். தாளில் இவ்வளவும் உண்டு.

ஆனால் அதே விதித்தொகுப்பு ஓரிடத்தில் ஒரு கோட்டைக் கிழிக்கிறது. மின்கசிவை உணர்ந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்புக்கருவி பற்றி 1980களில் சேர்க்கப்பட்ட விதி, 5 கிலோவாட்டுக்கும் குறைவான சிறு இணைப்புகளை அக்கட்டாயத்திலிருந்து விலக்கியது. இரண்டு பல்பும் ஒரு வானொலியும் உள்ள வீட்டுக்கு அது தேவையில்லை என்பது அன்றைய கணக்கு. பின்வந்த விதிகள் அவ்வரம்பைக் குறைத்தன. எனினும், ஏற்கெனவே நின்ற சுவர்களுக்குள் ஓடிய பழைய கம்பிகளை எந்தத் திருத்தமும் தானாகப் போய் மாற்றிவிடாது.

இந்த விலக்கின் பொருளை உணர எளிய கணக்கு ஒன்று போதும். மனித உடலைக் காக்க அமைந்த கசிவுக் காப்புக்கருவி 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும். சாதாரண வீட்டு உருகி 5 ஆம்பியர், அதாவது 5,000 மில்லியாம்பியர் தாங்கும். முன்னதைவிட 160 மடங்குக்கும் மேல். ஆக, ஒருவர் உயிர்போகுமளவு மின்னோட்டம் அவர் உடல்வழியாக நிலத்துக்குப் பாயும்போது உருகி அதை உணர்வதே இல்லை. உருகி கம்பியைக் காக்கும், மனிதரைக் காக்காது. எந்த வீட்டில் சுமை குறைவோ அந்த வீட்டுக்குக் காப்பும் குறைவு என்று ஆனது. சுமை குறைந்த வீடு பெரும்பாலும் ஏழையின் வீடு.

இப்போது 'லைன்' வீட்டுக்குள் செல்வோம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு வசதியை நிறுவனத்தின் கடமையாக்கியது. வீடு தொழிலாளியின் உடைமை ஆகவில்லை. வேலையோடு வருவது, பணி ஓய்வோடு போவது. ஓய்வுபெற்றால் காலிசெய்ய வேண்டிய வீட்டின் சுவரைத் தோண்டி, தன் சேமிப்பைச் செலவிட்டு, புதுக்கம்பி பதிக்க யார் முன்வருவார்? ஒரு விளக்குக்கென இழுத்த கம்பியிலிருந்து தொலைக்காட்சிக்கு ஒரு கிளை, மிக்சிக்கு ஒரு கிளை, குளிர்பதனப் பெட்டிக்கு ஒரு கிளை என்று குடும்பம் வளர வளரக் கம்பியும் கிளைக்கிறது. கிளைகள் யாவும் பிரித்தெடுக்கத் தக்கவை, ஆணியில் தொங்குபவை. தற்காலிக வாழ்க்கைக்கு ஏற்ற தற்காலிகக் கம்பி. பொதுக்கூரை என்பதால் ஒரு வீட்டின் கசிவு ஒரு வீட்டோடு நிற்பதுமில்லை. தகரக்கூரையின் விளிம்பில் காப்புறை தேய்ந்த கம்பி உரசினால், பருவமழையில் கூரை முழுவதும் மின்னூட்டம் பெறக்கூடும். அக்கூரையில் முடிந்த துணிக்கொடியும் இரும்புக்கம்பியாக இருந்துவிட்டால், அதில் ஈரத்துணி போடப் போகும் கைதான் மின்சாரம் நிலத்தைச் சேரும் வழி.

தொலைக்காட்சி வந்த பிறகு கம்பிகள் இன்னும் பெருகின. மின்கம்பத்தின் மேல் வாரியத்தின் கம்பி, அதன் கீழே தொலைபேசிக் கம்பி, அதன் கீழே கேபிள், அதன் கீழே கண்ணாடியிழை. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம், 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் என ஒரே கம்பத்தில் மூன்று காலத்துச் சட்டங்கள் தொங்கின. ஒவ்வொரு சட்டமும் தன் கம்பியை மட்டுமே பார்த்தது. அறுந்த கேபிள் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு தொங்கும்போது அது எந்தச் சட்டத்தின் கம்பி?

இது நமக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. 1880களின் நியூயார்க்கில் தந்தி, தொலைபேசி, விளக்குக் கம்பிகள் தெருவின் வானத்தை மறைத்துக் கிடந்தன. கம்பிகளை நிலத்தடியில் புதைக்க 1884இலேயே சட்டம் வந்தும் நிறுவனங்கள் இழுத்தடித்தன. 1889 அக்டோபர் 11 அன்று ஜான் ஃபீக்ஸ் என்ற தந்திக்கம்பிப் பணியாளர், மின்சாரமற்றது என்று நம்பிய கம்பியைத் தொட்டு, நடுத்தெருவுக்கு மேலே, மக்கள் கூட்டத்தின் கண்முன் இறந்தார். அந்தத் தந்திக்கம்பி வேறெங்கோ ஓர் உயரழுத்தக் கம்பியோடு உரசிக்கொண்டிருந்தது. அதன்பின்னரே மாநகராட்சி கோடரியோடு தெருவில் இறங்கியது. மன்ஹாட்டனின் நடுத்தெருவில் நிகழ்ந்த சாவு சட்டத்தை அசைத்தது. அண்மை ஆண்டுகளில் கொச்சி நகரத் தெருக்களில் தொங்கும் கேபிள்களில் சிக்கி இருசக்கர வண்டியில் சென்றோர் அடிபட்டபோது கேரள உயர்நீதிமன்றமும் தலையிட்டது; கம்பிகளில் உரிமையாளர் அடையாளம் இருக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. நகரத் தெருவுக்கு நீதிமன்றம் அருகில் இருக்கிறது. தோட்டத்து வரிசைக்கும் வயல்வெளிக்கும் அது தொலைவு.

வயல்வெளியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2010இல் பாலக்காடு, நாட்டிலேயே முழுமையாக மின்மயமான முதல் மாவட்டம் என அறிவிக்கப்பட்டது. 2017 மே மாதம் மாநிலம் முழுவதற்கும் அவ்வறிவிப்பு வந்தது. அதே பாலக்காட்டில், 2022 மே மாதம் முட்டிக்குளங்கரையில் காவலர் இருவர் காட்டுப்பன்றிக்காக வயலில் வைத்த மின்கம்பியில் பட்டு இறந்தனர். 2023 செப்டம்பரில் கரிங்கரப்புள்ளியில் இளைஞர் இருவர் அவ்வாறே இறந்து வயலில் புதைக்கப்பட்டுக் கிடந்தனர். முறையான வேலிக்கருவி நொடிக்கு ஒருமுறை போல மிகக் குறுகிய துடிப்பை மட்டும் செலுத்தும். விலங்கு அதிர்ந்து விலகும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விட்டால் அது இடையறாது பாயும், பட்டவரின் தசை இறுகும், விலக முடியாது. இங்கும் அதே எல்லைக்கோடுதான். மீட்டர் வரை ஒரு நிறுவனம். மீட்டருக்கு அப்பால் ஒரு தனிமனிதர். அந்தத் தனிமனிதரின் கம்பி இரவில் எங்கே போகிறது என்று பார்க்கும் கடமை எவருடைய அன்றாட வேலையும் அன்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பதற்குப் பிரிவு 135 உண்டு; அதைப் பிடிக்கப் பறக்கும் படைகளும் உண்டு. விபத்தை அறிவித்து விசாரிக்கப் பிரிவு 161 உண்டு. அது உயிர் போன பின் வருவது. திருட்டை முன்கூட்டியே தேடுகிறோம். ஆபத்தைப் பின்னால் போய்ப் பார்க்கிறோம்.

இவ்விடத்தில் மொழியியல் துணைக்கு வருகிறது. நம் செய்தித்தாள்கள் எழுதும் தொடர் 'மின்சாரம் தாக்கிப் பலி'. தொடரின் எழுவாய் மின்சாரம், அதுவே தாக்குகிறது. மலையாளத்தில் 'ஷோக்கேற்று மரிச்சு' என்பர். இறந்தவரே அதிர்ச்சியை 'ஏற்றவர்'. தமிழில் வினைமுதல் இயற்கை ஆற்றல். மலையாளத்தில் இறந்தவரே எழுவாய். இரண்டிலும் கம்பியின் உடையவருக்கு இடமில்லை. தீ விபத்து என்றால் 'மின்கசிவு காரணமாக' என்பது மாறாத வாய்பாடு. பொறியியல் நோக்கில் கசிவும் குறுக்குச்சுற்றும் வெவ்வேறு. முன்னதற்கு உருகி அசையாது, பின்னதற்கு உருகும். செய்தித்தமிழ் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கிறது. 'கசிவு' என்பதோ மழைநீர் கசிவது போல, யாரும் செய்யாமல் தானே நிகழ்வது. உடையவரைச் சுட்ட இடமில்லாத தொடர்கள், உடையவர் இல்லாத கம்பிகளுக்குப் பொருத்தமான இலக்கணமாகிவிட்டன.

இரண்டு 'லைன்'களும் ஒரே இரவில் அறுந்த நிகழ்வு ஒன்று உண்டு. 2020 ஆகஸ்டு 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு குடியிருப்பு வரிசைகளை மூடியது. எழுபது பேர் மாண்டனர். நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. பலரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம். கனமழையில் மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் முன்பே அற்றுப்போயிருந்தன. செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். மலைச்சரிவுக்குக் கம்பி காரணமன்று. ஆனால் அந்த இரவின் மணிநேரங்களுக்கு? மின்சாரத்தை நாட்டுக்கு வழங்கிய மலையில், உதவி கேட்க ஒரு கம்பியும் உயிரோடு இல்லை.

பெட்டிமுடியைக் கடந்தே இடமலைக்குடிக்குப் போக வேண்டும். 2010இல் உருவான, மாநிலத்தின் முதல் பழங்குடி ஊராட்சி அது. முதுவர் குடிகள் வாழ்வது. அங்கு மின்சாரம் சென்றபோது காட்டின் மரங்களையும் விலங்குகளையும் கருதி நிலத்தடிக் கம்பி பதிக்கப்பட்டது. ஆக, செய்ய முடியாது என்பதற்கில்லை. யாரோ ஒருவர் பொறுப்பேற்று நிபந்தனை விதித்தால் அடர்காட்டின் வழியாகவும் கம்பி ஒழுங்காகப் போகிறது. காட்டுக்கு வனத்துறை இருந்தது. 'லைன்' வீட்டுக்கு அப்படி ஒரு துறை இல்லை.

செய்யத்தக்கவை பெரியவை அல்ல. வரிசைக்கு ஒன்றேனும் 30 மில்லியாம்பியர் காப்புக்கருவி பொருத்தலாம். கம்பத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு கம்பியிலும் உடையவர் பெயரை எழுதிக் கட்டலாம். ஐந்தாண்டுச் சோதனையின் நாளை வரிசையின் முகப்பில் எழுதி வைக்கலாம். இவற்றுக்கு முன், ஆய்வு மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எல்லைப்புறக் குடியிருப்பு ஒன்றுக்குக் களப்பணி செல்லும்போது வழக்குச்சொற்களோடும் உறவுமுறைகளோடும் ஒரு வரைபடத்தையும் சேர்த்துக் கொண்டுவருவோம்: எந்தக் கம்பி, எங்கிருந்து எங்கே, யார் கட்டியது, யாருடைய பொறுப்பு. பெயர் எழுத முடியாத கம்பிகளை வெற்றிடமாகவே விடுவோம். ஒரு வரிசையில் எத்தனை வெற்றிடங்கள் விழுகின்றன என்பதே நாம் வெளியிட வேண்டிய முதல் தரவு. இப்பகுதிகளில் பணிபுரியும் நண்பர்கள் தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்தால், தோட்டம் தோட்டமாக அவ்வரைபடத்தை நாம் சேர்ந்தே நிரப்பலாம்.